பழுப்புக் கோடு

லூசியானா கடலோரத்தில்
வெர்லீன் கிட்ரியின் வீட்டுக்கு இப்போது கதவில்லை.
கதவு இருந்த இடத்தில் நின்று
"உள்ளே வரலாமா" என்றேன்.
பழக்கம்.

இழப்பை அளப்பவன் நான். ஊர் ஒமாஹா.
கையில் டேப், ஈரமானி, காமிரா.
கேட்க வேண்டியது ஒன்றுதான்:
காற்றா, தண்ணீரா?
காற்று இடித்திருந்தால் கம்பெனி தரும்.
தண்ணீர் என்றால் அது வேறு பாலிசி,
வேறு கவுண்டர், வேறு கடவுள்.

சுவரைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு,
பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுடைய தோள் உயரத்தில்.
கீழே கடல் வந்து போயிருக்கிறது.
மேலே, கூரை பிய்ந்த ஓட்டை வழியே மழை.
கல்யாணப் போட்டோவின் குறுக்கே ஓடுகிறது கோடு.
மாப்பிள்ளையின் தலை காற்றின் கணக்கில்,
ஷூ தண்ணீரின் கணக்கில்.
நடுவில் நனைந்த பூச்செண்டுக்கு
என் கையேட்டில் விதி இல்லை.

"வெள்ளப் பாலிசி வைத்திருந்தேனே."
வைத்திருந்தாள். கடன் இருந்தவரை
வங்கி கட்டவைத்தது.
மூன்று வருஷம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
கடைசித் தவணையைக் கட்டிவிட்டுத்
தெருவுக்கே இறால் வேகவைத்துப் போட்டாளாம்.
கடன் கழன்ற மாதமே காப்பும் கழன்றது.
"இனி இது என் வீடு என்று நினைத்தேன்."
ஆமாம் வெர்லீன், முழுக்க உங்களுடையது.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டுப் பாலிசியின் தொகை எண்பத்துநாலாயிரம் டாலர்.
தொண்ணூற்றேழில் மரம் விற்ற விலைக்குப் போட்டது.
வருஷாவருஷம் கடிதம் வந்திருக்கிறது,
தொகையை உயர்த்த இங்கே டிக் செய்யவும் என்று.
மாதம் பத்தொன்பது டாலர் கூடும்.
ஒரு வருஷம் பையன் டெரலின் பல்லுக்குக் கம்பி.
அடுத்த வருஷம் ஏசி.
அதற்கடுத்த வருஷம்?
"சும்மாதான். பிரிக்கவே இல்லை."

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.
புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.
பெயர் வைத்த புயல் என்றால்
முதல் ஐந்து சதவீதம் வீட்டுக்காரர் தலையில்.
"பெயரில்லாமல் வந்திருந்தால்?"
ஐந்நூறு டாலரோடு போயிருக்கும்.
சிரித்தாள். நிஜமாகவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"எனக்கே என் அப்பா ஆறு வாரம் கழித்துத்தான் பெயர் வைத்தார்."

ஏணி போட்டுக் கூரைக்கடியில் ஏறினேன்.
பஞ்சு நனைந்திருந்தது, மேலிருந்து.
ஏழு கோணத்தில் படமெடுத்தேன். இரண்டு போதும்.
கோட்டுக்கு மேலே உள்ளதையெல்லாம் எழுதினேன்:
மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி, கடிகாரம்.
புயலுக்கு முன் கடிகாரம் ஓடியதா
என்று கேட்கவில்லை.

இரவு மோட்டலிலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.
நம் வீட்டுப் பாலிசி எந்த டிராயரில் இருக்கிறது?
"பிரிக்காத கடிதங்களோடு" என்றாள்.
அவள் குரலுக்குப் பின்னால்
கூரைமேல் டப்டப்பென்று ஏதோ சத்தம்.
"ஆலங்கட்டி" என்றாள். "சின்னதுதான்."