முகம் திருப்பும் நேரம்

பழைய மெஷினுக்குப் பக்கவாட்டில் ஒரு வெட்டு.
கார்டை அதில் இழுத்தால்
கத்தி தீட்டும் சத்தம்.
உப்புக்காற்றில் கறுப்புப் பட்டை தேய்ந்திருந்தால்
கேரிபேக்கைச் சுற்றி இன்னொரு இழுப்பு.
மூன்றாவதில் பாங்க் மனமிறங்கும்.
பிறகு கையெழுத்து,
நண்டு ஓடிய ஈரமணல் மாதிரி.
யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை,
நானும்தான்.

மண்டபம் வடக்கு ஜெட்டிக்கு எதிரே என் கடை.
ஃபேன் பெல்ட், கிரீஸ், நைலான் கயிறு,
வாட்டர் பம்ப் சீல்.
ஒரு டிசம்பரில் கடிதம் வந்தது:
இனி சிப் வைத்த கார்டைத் தேய்த்தால்
வருகிற நட்டம் வியாபாரியைச் சேரும்.
அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்,
புது மெஷினின் மாத வாடகை.

இப்போது செருக வேண்டும்.
செருகிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.
அதுதான் யாருக்கும் வரவில்லை.
"எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்பதற்குள்
நம்புவேல் உருவிவிடுவார்,
தூண்டிலில் கடி விழுந்ததுபோல.
மறுபடி முதலிலிருந்து.
தேய்த்த காலத்தில் இல்லாத இந்த ஒன்பது நொடியில்
டீசல் விலை ஓடும்,
யார் வலையில் திருக்கை ஏறியது,
யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் ரகசிய எண்.
மெஷின் மாட்ட வந்த பையன் சொல்லியிருக்கிறான்,
அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கணும் அண்ணாச்சி.
திருப்பிக்கொள்கிறேன்.
திருப்பினால் கடல்.
கடல் நிறையப் படகுகள்.
படகின் நெற்றிதோறும் முழ உயரத்தில்
அதே நாலு எண்கள்.

சேசடிமைக்கு அவர் படகின் கடைசி நாலு.
நம்புவேலுக்கு அவருடையது.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
வேறெது வரும் வாயில்?
அவற்றை எழுதக் கால் லிட்டர் வெள்ளை பெயிண்ட்
கொடுத்ததே நான்.
கரையெல்லாம் படிக்கிற ரகசியத்துக்கு
விரலை மடித்து மறைத்துக்கொண்டு
குனிந்து அழுத்துவார்கள்.
நானும் பார்க்காதவன்தான்.

போன வாரம் நம்புவேல் வந்தார்.
ஒரு ஜோடி ரப்பர் கையுறை,
நூற்று நாற்பது.
அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார் என்று
கேள்விப்பட்டிருந்தேன், கேட்கவில்லை.
செருகினார். எடுக்கவில்லை.
எண்ணை அழுத்தினார்.
நான் முகத்தைத் திருப்பினேன்.
சேசடிமை படகுக்கும் ஐஸ் கம்பெனிப் படகுக்கும் நடுவே
எட்டு மாதமாக வெறும் தண்ணீர்.
அவர் எண் அக்கரைத் துறைமுகத்தில்
வெயிலில் உரிந்துகொண்டிருக்கிறது.

மெஷின் ஏற்றுக்கொண்டது.
சீட்டு நீண்டு வந்து நின்றது.
"எடுக்கலாமா?" என்றார்.
"எடுங்க" என்றேன்,
தண்ணீரைப் பார்த்தபடியே.