ஆழமான பக்கத்து விளக்கு

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள்.
ஏ பிளாக்கில் லிஃப்ட் ஓடுகிறது,
பி பிளாக்கில் மிக்ஸி.
நீச்சல் குளம் மட்டும் எழ மாட்டேன் என்கிறது.

பம்ப் அறைத் தண்ணீரை வாளியால் இறைத்தாயிற்று.
பலகை மேல் நிற்கிறேன்.
டில்லிபாபு டார்ச் பிடிக்கிறான்;
அவன் கொட்டாவி விடும்போதெல்லாம்
வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டு வருகிறது.

பிரேக்கரைத் தூக்கினேன். டப்.
இன்னொரு தரம். டப்.
மூன்றாம் தரம் தூக்குகிறவன் முட்டாள்.
தூக்கினேன்.

பிறகுதான் ஒவ்வொரு ஒயராகக் கழற்றினேன்.
மோட்டார் மேல்தான் சந்தேகம்,
இரண்டு முறை காயில் கட்டிய கிழடு.
அது இல்லை.
டைமர் இல்லை, குளோரின் பெட்டி இல்லை.

ஏணிக்குக் கீழே, ஆழமான பக்கம்,
தண்ணீருக்குள் பதித்த விளக்கு.
கண்ணாடிக்குள் ஒரு மடக்குத் தண்ணீர்.
வெளிச்சத்துக்கென்று வைத்ததுதான்
மொத்தத்தையும் இருட்டில் போட்டிருக்கிறது.
இதில் தத்துவம் ஒன்றுமில்லை,
ரப்பர் வளையம் எண்பது ரூபாய்.

அதன் ஒயரைப் பிரித்து டேப் சுற்றினேன்.
பிரேக்கர் நின்றது.
மோட்டார் இருமி, உறுமி,
வேப்பிலைகளையும் யாருடையதோ ஒற்றைச் செருப்பையும்
தன் பக்கம் இழுக்கத் தொடங்கியதும்
இரண்டு ராத்திரியாய்க் கத்திய தவளைகள்
சட்டென்று நிறுத்தின.

பால்கனியிலிருந்து செக்ரட்டரி:
"சனிக்கிழமை பிள்ளைங்க இறங்கலாமா?"
தவளைகளைக் கேளுங்கள் என்று
சொல்லவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
பள்ளிக்கரணையிலிருந்து ஜான்சி:
"நம்ம தெருவுக்கு இன்னும் வரலைங்க."

டார்ச்சை இரவல் கேட்டேன்.
டில்லிபாபு அணைத்து, ஒருமுறை போட்டுப் பார்த்து,
யோசித்துத்தான் கொடுத்தான்.