மண்டையோட்டுப் பலகை

மூன்று இரவு கச்சான் களவு போனது.
நாய் கட்டினேன்; நாயையும் கொண்டுபோனார்கள்.
மாங்குளம் பொலிஸில் முறைப்பாடு
ஏதோ ஒரு கொப்பியில் கிடக்கிறது.

பிறகுதான் கோழிக்கூட்டுக் கூரை கண்ணில் பட்டது.
வெடி அகற்றியவர்கள் விட்டுப்போன பலகை.
எச்சம் கழுவ, பல்லிளித்தது.
வேலிக் கதியாலில் அறைந்தேன்.

களவு நின்றது.
பன்றி மட்டும் வந்தது, அதற்கு வாசிக்கத் தெரியாது.

பிடுங்குகிற அன்று
கூலிக்குச் சொன்ன ஆறு பேரும்
ஒழுங்கையிலேயே நின்றார்கள்.
"சும்மா போட்டது" என்றேன்.
சிவகௌரி தன் செருப்பைப் பார்த்தாள்,
ஒற்றைச் செருப்பை.
"அண்டைக்கும் சும்மா காணி எண்டுதானே சொன்னவை."

நான் முன்னால் நடந்தேன்.
என் காணி. அடிக்கு அடி தெரியும்.
இருந்தும்
நேற்றைய என் காலடிகளிலேயே
காலை வைத்து.