ஏழில் ஐந்து

என் வேலை எளிது.
ஒரு கிலோ எடைக்கல்லைத்
துப்பாக்கியின் விசையில் மாட்டித் தூக்குவேன்.
விசை இறங்கிவிட்டால்
நீங்களும் உங்கள் துப்பாக்கியும் வீட்டுக்குப் போகலாம்.
தாங்கினால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.
காலையிலிருந்து இருபத்தாறு கைத்துப்பாக்கிகள்,
எல்லாம் ஒரு கிலோவுக்கு ஓரிரு கிராம் மேலே,
மயிரிழை நேர்மை.

இருபத்தேழாவதாக வந்தது
மர்யுத் லிந்துலாவின் ரிவால்வர்.
1912, தூலா ஆலை.
இடுப்பில் இரண்டு எழுத்து, சுற்றிலும் ஒரு சதுரம்:
ஃபின்லாந்து ராணுவம் எப்போதோ
தன்னதென்று குத்திய முத்திரை.
எடைக்கல் தொங்கியது.
இன்னொன்றையும் மாட்டினேன், சும்மாதான்.
அதுவும் தொங்கியது.
"மூன்றாவதையும் தாங்கும்," என்றார்,
"என் விரல்தான் தாங்காது."

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
குழலின் நீளம் சரி.
துளை ஏழு புள்ளி ஆறு இரண்டு,
அதற்கு ஒரு நூல் குறைந்தாலும் ஆகாது,
குறையவில்லை.
வயதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஸ்டிக்கர் ஒட்ட இடம் தேடினேன்.

காபி மேசையில் ஆளுக்கொரு கதை.
பதினெட்டில், இதே தாம்பெரேயில்,
அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்ற வசந்தத்தில்,
இது சிவப்பர் கையில் இருந்ததென்றார் ஓஸ்மோ.
வெள்ளையர் கையில் என்றார் வெய்யோ.
முப்பது வருடமாக
எதிலும் ஒத்துப்போகாத இருவர்.
மர்யுத் பன்னைக் கடித்தபடி சொன்னார்:
"ஏலத்தில் முந்நூற்று நாற்பது யூரோ.
யாருடையதென்று அவர்களும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வாரத்தில் ஐந்து நாள் டிராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளத்துக்கு அடியில் என்ன கிடக்கிறதென்று
கேட்டுக்கொண்டா வண்டியை எடுப்பது?"

சின்னக் கிளப். மதியத்துக்கு மேல்
நடுவரும் நானே.

மூன்றாம் தடத்தில் நின்றார்.
அக்கம்பக்கத்தில் எல்லாம்
அவரவர் உள்ளங்கையை அச்செடுத்துச் செதுக்கிய பிடிகள்.
இவருடையதோ
எந்தச் சிப்பாய்க்கும் ஆகட்டும் என்று செய்த மரம்.
குறிமுள் இடப்பக்கம் கோணல்.
பத்தில் விழவேண்டுமானால்
ஏழாம் வளையத்தின் வலது தோளைப் பார்க்க வேண்டும்.
பார்த்தார்,
கடன்காரரின் முகத்தை விட்டுச்
சட்டைப் பொத்தானைப் பார்ப்பவர்போல.

பச்சை விளக்கு மூன்று வினாடி.
சிவப்பு ஏழு.
அந்த ஏழுக்குள் கட்டைவிரல் சுத்தியலை இழுக்க,
உருளை சுழன்று, முன்னே நகர்ந்து,
குழலோடு வாய் பொருத்திக்கொள்ளும்.
பத்து.
ஒன்பது.
பத்து.
ஓஸ்மோ காபியை மறந்து எழுந்து நின்றார்.

நான்காம் முறை பச்சை எரிந்தது.
டிக்.

கை உயர்த்தினார். போனேன்.
குண்டு இருந்தும் வெடிக்கவில்லையென்றால்
அது கருவியின் கோளாறு, மறுபடி சுடலாம்.
பக்கக் கதவைத் திறந்து
ஒவ்வோர் அறையாகச் சுழற்றினேன்.
மூன்று கருகிய கூடுகள்.
ஒரு வெற்றறை.
அப்புறம் இரண்டு முழுக் குண்டுகள்.
ஏழு அறைக்கு ஐந்து குண்டு;
கடைசிக்குத் தள்ளவேண்டிய காலியில் ஒன்றை
எண்ணிக்கை தவறி நடுவில் விட்டிருக்கிறார்.
"உங்கள் தவறு," என்றேன்.
"என் தவறுதான்."
நான்காவதும் பூஜ்யம், ஐந்தாவதும் பூஜ்யம்.
பதினோராம் இடம்.

அத்தனை வெடியும் காதுக்கவசத்தோடு கழன்றுவிட்டது.
அந்த டிக் மட்டும் உள்ளே நின்றது.
ஏதோ ஒரு செங்கல் சுவரருகே
இதே அறை இப்படி முறை தவறி வந்து
யாரோ ஒருவர்
மூடிய கண்ணைத் திறந்திருப்பாரா,
அவர் வழிவந்த யாராவது
இன்று காலை மர்யுத்தின் டிராமில்
சீட்டு எடுத்திருப்பாரா,
கேட்க நினைத்தேன்.
கேட்டால் நானும் காபி மேசைக்காரன் ஆகிவிடுவேன்.

வெளியே மார்ச் மாதத்துப் பனி, பாதி சேறு.
ஜன்னல் துடைக்கும் நீலத் திரவத்தால்
குழலைக் கழுவிக்கொண்டிருந்தார்.
"அடுத்த முறை
முதல் அறையின் விளிம்பில்
நகச்சாயம் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும்."
தடையில்லை, என்றேன், புத்தகத்தைத் திறக்காமலே.

சிவப்பா வெள்ளையா என்று கேட்டார் ஓஸ்மோ.
வெய்யோ கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மகளிடம் பச்சைதான் இருக்கிறது," என்றார் மர்யுத்.