வடிகுழாய்

முனவ்வரா லாத்தா வீட்டு மாடியில்
தெற்கே கடலைப் பார்த்து நின்ற
அவுட்டோர் பெட்டியைத் திறந்தேன்.
நான்கு திருகாணியில் மூன்றுக்குத் தலை இல்லை.
உள்ளே அலுமினியத் தகடுகள்
விரல் பட்டதும் உதிர்ந்தன,
கருகிய அப்பளம் மாதிரி.

வாங்கி எத்தனை வருஷம் என்றேன்.
"ரெண்டு நோன்பு கழிஞ்சிருக்கு."
ரெண்டு கச்சான் என்று நான் குறித்துக்கொண்டேன்.

கீழக்கரையில் இயந்திரத்துக்கு வயது
காற்றுக் கணக்கில்தான்.
வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து ஒரு கை வரும்,
சன்னல் கம்பி, சைக்கிள் செயின்,
பள்ளிவாசல் ஒலிபெருக்கி என்று
ஒன்றுவிடாமல் உப்புத் தடவும்.
கடைசியில் என் செப்புச் சுருள்.

பச்சைக் களிம்பின் மேல் சோப்பு நுரை பூசினேன்.
ஓரிடத்தில் மட்டும்
தூங்கும் பிள்ளையின் கடைவாயில் போல
குமிழ் ஒன்று வந்து வந்து உடைந்தது.
"கேஸ் இங்கேதான் போகுது."
லாத்தா குனிந்து பார்த்தார்.
"இத்தனூண்டு வாயா
அவ்வளவு கரண்டு பில்லையும் தின்னுச்சு?"

புரூணையிலிருந்து மச்சான் வீடியோவில் வந்தார்,
பின்னால் அவர் கடையின் பிஸ்கட் டின்கள்.
"சவரி, பெருசாப் போடு. ரெண்டு டன்."
போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினேன்:
மரச்சட்டத்துக்குள் துணி சுற்றிய வயர்,
பீங்கான் ஃபியூஸ்,
அதில் யாரோ முறுக்கிவைத்த ஒற்றைக் கம்பி.
ஒன்றரை டன் போதும், மிச்சத்துக்கு வயர் இழுப்போம் என்றேன்.
வயர் கண்ணுக்குத் தெரியாதே என்றார்.
தெரியாமலிருக்கத்தான் மாற்றச் சொல்றேன் என்றேன்.
சிக்னல் போனதா, கோபமா,
திரை அப்படியே நின்றது.
பணம் மறுநாள் வந்தது.

பெட்டியை வடக்கே கொண்டுபோனேன்,
கிணற்றடிச் சுவருக்கு, கச்சான் எட்டாத பக்கம்.
சுவர் ரெண்டேகால் அடி,
பவளக்கல்லும் சுண்ணாம்பும்.
இருபது நிமிஷத்தில் ரெண்டு பிட் மழுங்கின.
வெள்ளை மாவோடு சேர்ந்து
மூடிய சிப்பி ஒன்று வந்து விழுந்தது.
திறக்கவில்லை, சட்டைப் பையில் போட்டேன்.
துளை மறுபக்கம் போனதும்
அறைக்குள் ஒரு மூச்சுக் காற்று.
செப்புக்குழாயைச் செருகினேன், நின்றது.

கிளம்பும்போது வழக்கமான பாட்டு:
மாசம் ஒருமுறை ஃபில்டர்,
வாரம் ஒருமுறை வெளிப்பெட்டிக்கு
நல்ல தண்ணி விட்டுக் கழுவணும்.
"நல்ல தண்ணியா?"
லாத்தா சிரித்த சிரிப்பில் கோழி விலகியது.
"குடம் பதினஞ்சு ரூபா.
லாரி வராத வாரம் நாங்களே அரைக்குளியல்.
இதுக்கு முழுக்காட்டணுமா?"
கிணற்றுத் தண்ணி ஆகாது, அது உப்பு மேல் உப்பு.
எனக்குப் பதில் இல்லை.
பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ்.
"சவரி, உன் குழாய்க்கடியில வாளி வச்சேன்.
ராத்திரிக்கு முக்கா வாளி நிறையுது.
நாக்குல வச்சுப் பார்த்தேன்,
உப்பே இல்ல. ஒண்ணுமே இல்ல.
இதை ஊத்திக் கழுவலாமா?"

பைக்கை ஓரங்கட்டி மறுபடி கேட்டேன்.
பத்தொன்பது வருஷம்.
ஏர்வாடியில், தொண்டியில், மண்டபம் லாட்ஜுகளில்
எத்தனை வடிகுழாயை
சாக்கடைக்குத் திருப்பி விட்டிருப்பேன்.
கழுவலாம், குடிக்க வேண்டாம் என்று
அனுப்பினேன். வேறென்ன சொல்ல.

ஐப்பசியில் சர்வீசுக்குப் போனேன்.
தகடுகள் சீப்புப் பல் போல நேராக,
ஸ்டாண்டில் மட்டும் ஒரு ரூபாய் அளவு துரு.
வேலை குறைவுதான்,
நூறு ரூபாய் கழித்துச் சொன்னேன்.
"இருநூறு," என்றார் லாத்தா.
"கழுவினது யாரு?"
பேசிக்கொண்டிருக்கும்போதே
வாளி நிறைந்து தரையில் ஓடியது.
இருவரும் ஓடினோம்.