ஐம்பத்தைந்தா, அறுபத்தைந்தா

அட்டை இல்லை. தலைப்புத் தாளும் இல்லை.
முதல் நாலு தாள் எப்போதோ
எண்ணெய்க் கை துடைக்கப் போயிருக்கும்.
ஒன்பதாம் பக்கத்தில், பாதி வாக்கியத்தில்
தொடங்குகிறது புத்தகம்.

நீடாமங்கலம் கேட் சாத்திக் கிடந்த
இருபத்தெட்டு நிமிஷத்தில்
வண்டியை ஓரங்கட்டி இறங்கிவந்து
அம்புரோஸ் கேட்டது ஒன்றுதான்:
"இது எந்தப் பதிப்பு?"

நான் பள்ளிக்கூட ரிஜிஸ்டர் தைப்பவள்.
லேத் சுற்றும், கத்தும்,
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
தாள் கொஞ்சம் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் மெட்ராஸ் ஏஜெண்டின் ஊதா முத்திரை,
போன் நம்பர் நாலே இலக்கம்.
"அப்போ ரொம்பப் பழசு" என்றார்.
முத்திரை விற்ற நாளுக்குத்தான் சாட்சி.
கிடங்கில் பத்து வருஷம் தூங்கிய பிரதியும்
விற்கிற அன்றைக்குத்தான் குத்து வாங்கும்.

லேத்தின் நம்பரைச் சொன்னார்,
டெயில்ஸ்டாக்கைத் தள்ளினால்
படுக்கையின் வலது கோடியில் வெட்டியிருக்குமாம்.
நம்பர் இயந்திரத்துக்கு.
இந்தப் புத்தகம் அதோடுதான் வந்தது என்று யார் சொன்னது?
கல்யாண வாசலில் செருப்பு மாறுவதில்லையா?

இன்னும் இரண்டு பிரதி தேடிப் பிடித்தோம்:
திருவாரூர் ஐ.டி.ஐ. ஸ்டோர் ரூமில் ஒன்று,
பாபநாசம் ரைஸ் மில்லில் ஒன்று. அவர்கள் அசலைத் தரவில்லை,
ஜெராக்ஸ்தான் வந்தது.
மூணாறு தலைப்பில் ஒரே தண்ணீர்தான்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று
பேர் மாற்றிக்கொண்டு போகிறது.
இவை எந்த மதகில் பிரிந்தன என்று
ஸ்கேல் வைத்து வரிவரியாய்ப் பார்த்தோம்.

பதினேழாம் பக்கத்துப் படத்தில்
லேத் ஓட்டுகிறவன் டை கட்டியிருக்கிறான்.
ஐ.டி.ஐ. பிரதியில் டை இல்லை.
சுற்றுகிற சக்கின் பக்கத்தில் டை ஆகாதென்று
யாருக்கோ பிந்திப் புத்தி வந்திருக்கிறது.
அழித்த இடத்தில் அவன் கழுத்து
சற்று மெலிந்துபோயிருந்தது.
ஆக, அது மூன்றாம் பதிப்பு.
டை உள்ள நம்முடையது ஒன்று அல்லது இரண்டு.

முப்பத்தோராம் பக்கம், பல்சக்கர அட்டவணை.
இஞ்ச்சுக்குப் பதினோரு மரை:
இந்தப் பக்கத்துப் போர்செட் குழாயெல்லாம்
அந்தப் பதினொன்றில்தான் இறுகி நிற்கிறது.
லீட் ஸ்க்ரூ நாலு என்றால்
இருபது பல்லும் ஐம்பத்தைந்து பல்லும் மாட்ட வேண்டும்.
அம்புரோஸ் பிரதியில் அறுபத்தைந்து.
ஐ.டி.ஐ.யில் சுத்தமாக ஐம்பத்தைந்து.
மில் ஜெராக்ஸிலும் ஐம்பத்தைந்துதான், ஆனால்
எண்ணைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு,
ஒட்டிய திருத்தச் சீட்டின் நிழல்.

"அப்போ நம்மது முதல் பதிப்பு!"
அம்புரோஸ் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

ராத்திரி டியூப்லைட்டில் தாளைச் சாய்த்தேன்.
அறுபத்தைந்தைச் சுற்றி
பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம்,
மற்ற இடத்தைவிட வெளுப்பாய்.
பூச்சி அந்தக் கட்டத்தை மட்டும் மேய்ந்திருந்தது.
பசை இருந்திருக்கிறது.
சீட்டு உதிர்ந்த இரண்டாம் பதிப்பு.

போனில் சொன்னேன்.
அவர் பக்கம் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு கேஜை எடுக்கப் போனார்.
பட்டறையோடு சேர்த்து வாங்கியது,
பின்கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ஒன்றரை அடிக் குழாய்,
எந்த சாக்கெட்டும் ஏறாதது.
பழைய முதலாளி கதை கதையாய்ச் சொல்வாராம்:
குடித்துவிட்டு மரை போட்டான் என்று
கோவிந்தராசு என்றொருவனை
அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியதை.

"பதிமூணு" என்றார் அம்புரோஸ்.
இருபதுக்கு அறுபத்தைந்து மாட்டினால்
பதிமூன்றுதான் வரும்.
போதையில் இவ்வளவு துல்லியம் வராது.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து
புதுச் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன்.
முன்தாளில் பென்சிலால் எழுதினேன்:
இரண்டாம் பதிப்பு. பழைய சீட்டு உதிர்ந்தது,
நாள் தெரியவில்லை,
கோவிந்தராசு மரை போடுவதற்கு முன்.

பைண்டிங் கூலி நாற்பது ரூபாய்.
அம்புரோஸ் நூறாய்த் தந்துவிட்டு
மீதி வாங்காமல் நின்றார்.
அவனுக்குச் சொந்த ஊர் வலங்கைமான் பக்கம் என்பது மட்டும்
யாரோ சொல்லிக் கேட்டதாம்.
கேட் திறந்துவிட்டது,
பின்னால் பஸ்காரன் ஹார்னை எடுக்கவே இல்லை.