ஏழாம் எண் நாற்காலியிலிருந்து

செவ்வாய், வியாழன், சனி.
செந்தூலில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில்
நாலு மணி நேரம் என் இரத்தம் வெளியே போய்த் திரும்பும்.
ஊசி குத்துவது நீங்கள்.

மற்ற மிஸ்ஸிமார் ஊசியைப் பேனாபோல் பிடிப்பார்கள்.
நீங்கள் சுட்டுவிரலை அகற்றி வைத்து
நடுவிரல் முட்டியை லேசாக மடக்கி...
எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.
ஒன்பது வருடத்துக்கு முன்
கின்றாரா புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்த பிடி அது.
தாய்லாந்துக்காரி ஒருத்தி முன்காலை நீட்டினாள்.
பந்து அவள் மட்டையைச் சட்டை செய்யாமல் வெளியே திரும்பி
ஒரே ஒரு பெயிலை மட்டும் தட்டிவிட்டுப் போனது.
பார்த்தவர்கள் பதினேழு பேர், எண்ணினேன்.
இரண்டு பேர் ஆம்புலன்ஸ்காரர்கள்.

பூப்பந்துக்குத் தூக்கம் கெடும் நாடு இது.
உங்கள் பெயரை நான் யாரிடம் போய்ச் சொல்ல?
சட்டைப் பட்டியில் ‘கோமளவல்லி’ என்றிருந்தது.
நீங்களும் அதற்குமேல் சொல்லவில்லை.
தோளில் அறுவை, பிறகு மகள், பிறகு இரவு வேலை
என்பதெல்லாம் மிஸ்ஸிமார் மைலோ கலக்கும்போது காதில் விழுந்தவை.
ஒரு தடவை மட்டும் கேட்டேன்,
“நீங்க இடது கையா?”
“எழுதறது வலதுதான் அங்கிள்.”
அப்புறம் மெஷின் கத்தியது, போய்விட்டீர்கள்.

பட்டியலில் பன்னிரண்டாவது பெயராக வந்தபோது
சாப்பாட்டுக் கடையில் ஒருவன் சிரித்தான்,
“முப்பத்தெட்டா? வேற ஆளே கிடைக்கலியா?”
முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான்,
பின்னால் ஹார்ன் அடிப்பவனுக்கெல்லாம் வழிவிட்டுப் பழக்கம்.
அன்றைக்கு விடவில்லை.
ரொட்டி ஆறிப்போகும்வரை சண்டை போட்டேன்.

“சனிக்கிழமை நான் இருக்க மாட்டேன், வேற மிஸ்ஸி வருவாங்க.”
“நானும் இருக்க மாட்டேன். வெள்ளிக்கு மாத்திக்கிட்டேன்.”
டேப் கிழித்த கை அப்படியே நின்றது.
“வெயில் இருக்கும். தண்ணி பார்த்துக் குடிங்க”
என்று மட்டும் சொன்னீர்கள்.

பங்சார் பக்கத்து மைதானம், எல்.ஆர்.டி. போகும் சத்தம்.
ஒரு நாளைக்கு அரை லிட்டர் எனக்கு,
ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
முதல் ஓவரில் பதினான்கு.
மறைக்க மாட்டேன், ரசிகன் பொய் சொல்லக்கூடாது.
ஐந்தாம் பந்தில் லாங் ஆனில் நின்ற சின்னப் பெண்
கைக்குள் விழுந்ததை நழுவவிட்டாள்.
“பரவால்ல, பரவால்ல” என்று கைதட்டினீர்கள்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

பதினோராவது ஓவரில் மறுபடி பந்து உங்களிடம் வந்தது.
இப்போது ஓட்டத்தில் இரண்டு அடி குறைவு.
தோள் முன்போல் மேலே போகவில்லை.
ஆனால் அந்த நடுவிரல்!
பந்து காற்றில் போனதா, யோசித்துக்கொண்டு நின்றதா?
அவள் இறங்கி வந்தாள்,
அது வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை,
அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கீப்பர் வேலையை முடித்துவிட்டாள்.

ஊசிக் கையால் ஓங்கித் தட்டாதே என்றது நீங்கள்தான்,
அதனால் வலது கையால் தொடையில் அறைந்தேன்.
இடது முழங்கைக்குள் எப்போதும் இரைகிற அந்த நரம்பு,
நீங்கள் குழல் வைத்துக் கேட்பீர்களே,
அது குழலில்லாமலே எனக்குக் கேட்டது.

நாலு மணிக்கு மழை,
கே.எல். மழை, சொல்லி வைத்த மாதிரி.
முடிவில்லை என்று அறிவித்துத் தார்ப்பாய் இழுத்தார்கள்.
ஆட்டம் போனாலும் விக்கெட் அழியாது,
கணக்கெழுதும் பையனிடம் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தராசில் ஏறினேன்.
இரண்டு கிலோ எழுநூறு கூடுதல்.
வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள்.
உங்கள் நடுவிரலில் பிளாஸ்டர், ஓரத்தில் பழைய இரத்தம்.
ஊசி அன்றைக்குக் கொஞ்சம் வலித்தது.
நான் கையை இழுக்கவில்லை.